ஓராண்டு என்னும் அளவுகோல்

சென்னை சர்தார் படேல் சாலையில் கிண்டியிலிருந்து அடையாறு நோக்கிப் போகிறவருக்கு இடப்பக்கம் முதலில் வருவது கிண்டிப் பொறியியல் கல்லூரி. இன்னும் கொஞ்சம் போனால் வலப்பக்கம், காட்டை ஒட்டி, ஐ.ஐ.டி.யின் வாயில். முன்னது 1794இல் நில அளவைப் பள்ளியாக, எட்டு மாணவர்களோடு தொடங்கியது. பின்னது 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு, 120 மாணவர்களோடு தொடங்கியது. ஒன்று இன்று மாநில அரசின் அண்ணா பல்கலைக்கழகத்துக்குள் இருக்கிறது; மற்றது ஒன்றிய அரசின் நேரடிச் செலவில் நடக்கிறது. இரண்டுக்கும் படியளப்பது பொதுமக்கள் பணம்தான். அதனால் ஆண்டுதோறும் இரண்டையும் பார்த்து ஒரே கேள்வி எழுகிறது: இந்த வருஷம் என்ன செய்தீர்கள்?

கேள்வி நியாயமானது, அதைக் கேட்கச் சட்டமே இடம் தந்திருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழில்நுட்பக் கழகச் சட்டப்படி ஐ.ஐ.டி.யின் ஆளுநர் குழு ஆண்டறிக்கையையும் கணக்கையும் பரிசீலித்து மேலே அனுப்ப வேண்டும். கணக்கை இந்தியத் தலைமைத் தணிக்கையாளர் சரிபார்க்க, அது நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும். ஆக, ஆண்டறிக்கை நாட்டுக்குக் காட்டும் கணக்கு. சிக்கல் எங்கே என்றால், அந்த அறிக்கைகளில் அச்சாகும் சாதனைகளில் பெரும்பாலானவை அந்த ஆண்டுக்கு உரியவை அல்ல. அந்த ஆண்டுக்கே உரிய வேலை, அதாவது வகுப்பறையில் நடந்தது, அறிக்கையில் ஏறக்குறைய இடம்பெறுவதே இல்லை.

சென்னை ஐ.ஐ.டி.யையே எடுத்துக்கொள்வோம். அண்மை ஆண்டுகளில் அது வெளியிட்ட எண்கள் கண்ணைப் பறிப்பவை. 2022இல் 156 காப்புரிமைகள் கிடைத்தன, 2023இல் 300. நாளுக்கு ஒரு காப்புரிமை என்பது முழக்கமாகவே ஆயிற்று. 2024–25 நிதியாண்டில் நூறு புதிய நிறுவனங்களை வளர்த்தெடுப்போம் என்று சொல்லி, ‘ஸ்டார்ட்அப் சதம்’ என்று பெயரும் வைத்து, நூறைத் தாண்டியும் காட்டினார்கள். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் தேசியத் தரவரிசை 2016இல் தொடங்கியது முதல் 2025 வரை பொறியியல் பிரிவில் ஒரு முறைகூட இந்த நிறுவனம் முதலிடத்தை விட்டுக் கொடுத்ததில்லை. ஒட்டுமொத்தப் பட்டியலிலும் 2019 முதல் அதுவே முதலிடம்.

இந்தத் தரவரிசை எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும். கற்பித்தலும் வளங்களும் 30 விழுக்காடு, ஆராய்ச்சி 30, பட்டம் பெற்றோரின் நிலை 20, பரவலும் அனைவரையும் உள்ளடக்குதலும் 10, பிறர் மனத்தில் உள்ள மதிப்பு 10. முதல் தலைப்பைப் படித்ததும் வகுப்பறையை அளக்கிறார்கள் என்று தோன்றும். உள்ளே போனால் அங்கே எண்ணப்படுபவை மாணவர் எண்ணிக்கை, ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர், முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியர் எத்தனை பேர், எவ்வளவு செலவு ஆகியவைதான். ஓர் ஆசிரியர் வெப்ப இயக்கவியலை நன்றாக நடத்தினாரா, பின்வரிசைப் பையனுக்குப் புரிந்ததா என்பது எந்தக் கட்டத்திலும் விழாது. விழ வைப்பது எளிதும் அல்ல, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அளக்க முடியாததை அளந்துவிட்டதுபோல ஒரு தலைப்பு வைப்பது வேறு விஷயம். ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் என்றதும் நாடெங்கும் கல்லூரிகள் கட்டுரைகளைக் குவித்த கதையும் உண்டு. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டிய நிலை 2025இல் வந்தது. வேலியைப் போட்ட பிறகுதான் எத்தனை ஆடுகள் உள்ளே புகுந்திருந்தன என்று தெரிந்தது.

சாதனைகளின் உண்மையான கால அளவு என்ன? ஒரு தொடரைப் பின்பற்றிப் பார்க்கலாம்.

1990களில், ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி முதலியோர் சேர்ந்து டெநெட் என்ற குழுவை அமைத்தார்கள். வீட்டுக்கு வீடு செம்புக் கம்பி இழுக்கும் செலவுதான் இந்தியாவில் தொலைபேசி பரவாததற்குக் காரணம் என்று கணக்கிட்டு, கம்பியில்லாமல் இணைப்புத் தரும் கார்டெக்ட் என்ற நுட்பத்தை மைடாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கினார்கள். பல லட்சம் ரூபாய்க் கருவிகளை இறக்குமதி செய்துகொண்டிருந்த துறையில் அது ஒரு துணிச்சல். கார்டெக்ட் வெளிநாடுகளுக்கும் போனது. பிறகு கைபேசி வந்தது, வீட்டுத் தொலைபேசி என்ற சந்தையே கரைந்தது, கார்டெக்டும் கரைந்தது. 2005ஆம் ஆண்டின் கண்ணாடியில் பார்த்தால் அது தோல்வி.

ஆனால் அந்தக் குழுவில் பழகியவர்கள் கலைந்து போகவில்லை. ஆசிரியர் ஆய்வகத்தில் கண்டதை முன்னாள் மாணவர் நிறுவனமாக்கலாம், இருவரும் ஒரே வளாகத்தில் இருக்கலாம் என்ற பழக்கம் அங்கேதான் வேர்விட்டது. அதன் கட்டட வடிவமாக 2010இல் தரமணிப் பக்கம் ஆராய்ச்சிப் பூங்கா வந்தது. இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகத்தை ஒட்டி அமைந்த முதல் ஆராய்ச்சிப் பூங்கா அது. அந்தக் குழுவின் பாஸ்கர் ராமமூர்த்தியே 2011 முதல் 2022 வரை ஐ.ஐ.டி.யின் இயக்குநராக இருந்தார். சென்னை ஐ.ஐ.டி. தலைமையில் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய ஐந்தாம் தலைமுறை அலைபேசிச் சோதனைக் களம் 2022 மே மாதம் நாட்டுக்கு அளிக்கப்பட்டது. அந்த ஆண்டின் அறிக்கையில் அது ‘இவ்வாண்டுச் சாதனை’. அதன் வேரோ கால் நூற்றாண்டுக்கு முன்னால், சந்தையில் தோற்றுப்போன ஒரு கருவியில் இருக்கிறது. கார்டெக்டுக்கு அன்றே ஓராண்டுக் கணக்குப் பார்த்து நிதியை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்ப்பது பயனுள்ள பயிற்சி.

ஐ.ஐ.டி.யின் ஷக்தி சில்லின் கதையும் இப்படித்தான். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010இல் பிறந்த ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். ஐ.ஐ.டி. பேராசிரியர் வீ. காமகோடியும் அவர் மாணவர்களும் அதைப் பிடித்துக்கொண்டு இந்தியாவிலேயே வடிவமைத்த நுண்செயலிகளைக் கட்டத் தொடங்கினார்கள். 2018இல் ஒரு சில்லு அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் நுட்பத்தில் தயாரானது. அடுத்தது சண்டிகர் அருகே நம் நாட்டு ஆலையிலேயே, 180 நானோமீட்டரில். எண்ணைப் பார்த்தால் பின்னோக்கிப் போனதுபோல் இருக்கும். உண்மையில் அதுதான் பெரிய அடி, வடிவமைப்பும் தயாரிப்பும் இரண்டும் இங்கேயே நடந்ததால். 2025 பிப்ரவரியில் இஸ்ரோவோடு சேர்ந்து விண்வெளிப் பயன்பாட்டுக்கான ஐரிஸ் சில்லை அறிவித்தார்கள். இடையில் எத்தனை எம்.எஸ். மாணவர்கள் வந்து, ஒரு பிழையைத் தேடி இரவுகளைக் கழித்து, பட்டம் வாங்கிப் போயிருப்பார்கள்! அவர்கள் பெயர் எந்தச் செய்திக் குறிப்பிலும் வராது.

ஐ.ஐ.டி.யில் முளைத்த ராக்கெட் நிறுவனம் அக்னிகுல் பற்றி எல்லோருக்கும் தெரியும். 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தனக்கென அமைத்துக்கொண்ட ஏவுதளத்திலிருந்து, ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் எடுத்த எஞ்சினோடு அதன் சோதனை ராக்கெட் மேலே போனது. அதற்கு முன் பல முறை கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டது. நிறுவனம் தொடங்கியது 2017இல். அதற்கும் முன்பே பேராசிரியர் சத்யநாராயணன் சக்கரவர்த்தி போன்றவர்கள் ஐ.ஐ.டி. வளாகத்தில் எரிதல் ஆய்வுக்கென ஒரு தேசிய மையத்தைக் கட்டி வைத்திருந்தார்கள். எரிதலைப் புரிந்துகொண்ட ஆள் இருந்த இடத்தில்தான் ராக்கெட் நிறுவனம் முளைத்தது.

இவை எல்லாம் படம் எடுக்கத் தக்கவை. என் கணக்கில் அதைவிடப் பெரியது, படம் எடுக்க ஏதுமில்லாத ஒன்று: என்.பி.டெல். 1999இல் ஒரு யோசனையாக எழுந்து, 2003இல் ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய பாட வீடியோத் திட்டம். கரும்பலகை, ஓர் ஆசிரியர், ஒரு கேமரா; அவ்வளவுதான். விருதுநகரிலோ நாகர்கோவிலிலோ ஒரு தனியார் கல்லூரியில், பாடம் நடத்த வந்த இளம் ஆசிரியரும் முந்தைய இரவு அதைப் பார்த்துவிட்டு வருகிறார், மாணவரும் அதையே பார்த்துவிட்டு வருகிறார். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்வியில் கடந்த இருபது ஆண்டுகளில் தரத்தைக் கொஞ்சமாவது தாங்கிப் பிடித்தது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். 2014இல் சான்றிதழ்த் தேர்வு வந்தது. அதன் தொடர்ச்சிதான் 2020இல் அறிவித்த தரவு அறிவியல் பட்டம். ஜே.இ.இ. எழுதத் தேவையில்லை, நான்கு வாரப் பாடம் படித்து ஒரு தகுதித் தேர்வில் தேறினால் போதும். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், இடையில் சான்றிதழோடோ டிப்ளமோவோடோ வெளியேறலாம். பல்லாயிரம் பேர் சேர்ந்திருக்கிறார்கள். ‘அது அசல் ஐ.ஐ.டி. இல்லை’ என்று வளாகத்துக்குள்ளேயே சிலர் முகம் சுளிப்பதும் உண்டு. கோட்டைச் சுவருக்குள் வாழ்ந்தவர்களுக்குக் கதவு திறந்தால் காற்று அடிக்கத்தான் செய்யும்.

சாலையின் மறுபக்கம் கதை வேறு. கிண்டியின் பெருமையை எண்ணத் தொடங்கினால் பட்டியல் நீளும். வெண்மைப் புரட்சியின் வர்கீஸ் குரியன் இங்கே இயந்திரவியல் படித்தவர். சித்தூர் மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்து 1958இல் இங்கே சிவில் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டி, செயற்கை நுண்ணறிவுக்காக 1994இல் டூரிங் விருது பெற்றார். 1958ஆம் ஆண்டு அறிக்கையை எழுதிய முதல்வருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? 1940களின் தொடக்கத்தில் மூன்று பெண்கள் இங்கே படித்து இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்கள் வரிசையில் நின்றார்கள். அவர்களில் ஒருவரான அ. லலிதா மிக இளம் வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு நின்றவர். ஆண்பாலில் அச்சிட்டிருந்த சான்றிதழைக் கையால் பெண்பாலாகத் திருத்தித் தர வேண்டியிருந்ததாம். பிறகு 2009இல், பல்கலைக்கழகம் உருவாக்கிய 40 கிலோ எடையுள்ள அனுசாட் செயற்கைக்கோளை இஸ்ரோ விண்ணில் ஏற்றியது.

ஆனால் 1978இல் அண்ணா பல்கலைக்கழகம் உருவானதும், பின்னர் மாநிலத்துப் பொறியியல் கல்லூரிகளை எல்லாம் அதன்கீழ் கொண்டுவந்ததும் கிண்டியின் இயல்பையே மாற்றிவிட்டன. இன்று அது ஒரு கல்லூரி மட்டும் அல்ல. நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் எழுதி, வினாத்தாள் அடித்து, விடைத்தாள் திருத்தி, மார்க் போடும் மாபெரும் அலுவலகம். ஐ.ஐ.டி. ஆசிரியர் தன் வகுப்புக்குத் தானே வினா தயாரித்து, க்விஸ் வைத்து, எஸ் முதல் யூ வரை கிரேடு போடுகிறார். இணைப்புக் கல்லூரி ஆசிரியர் யாரோ எழுதிய பாடத்தை யாரோ கேட்கப்போகும் கேள்விக்காக நடத்துகிறார். ‘இந்த யூனிட்டில் ஒரு பெரிய கேள்வி கட்டாயம் வரும்’ என்பதே அவர் தரக்கூடிய அதிகபட்ச உத்தரவாதம். தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர் வாழ்க்கையின் மையச் சொல் ‘அரியர்’, அதாவது தேறாமல் நிலுவையில் நிற்கும் தாள். 2020 கொரோனா நாள்களில் தேர்வுக் கட்டணம் கட்டியவர்களை எல்லாம் அரியரில் தேர்ச்சி என்று அரசு அறிவித்தபோது முதலமைச்சருக்கு நன்றி சொல்லி ஊர்தோறும் பேனர் வைத்தார்கள். சிரித்துவிட்டுக் கடக்கலாம். ஆனால் அந்த பேனர்களை ஒரு தேர்வு முறையின் மீதான தீர்ப்பாகவும் படிக்க இடமிருக்கிறது. விவகாரம் நீதிமன்றம் போனது, தேர்வில்லாத் தேர்ச்சி நிற்கவில்லை.

2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு முறைகேட்டை வெளிக்கொண்டு வந்தது: ஒரே ஆசிரியர் பல கல்லூரிகளில் முழுநேரம் பணிபுரிவதாகக் காட்டி அங்கீகாரம் பெற்றிருக்கிறார்கள். பல்கலைக்கழகமும் விசாரித்து முறைகேடு உண்மை என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் துணைவேந்தர் ஆர். வேல்ராஜின் பதவிக்காலம் முடிந்தது. ஆளுநருக்கும் அரசுக்குமான இழுபறியில் அந்த நாற்காலி நெடுநாள் காலியாகவே கிடந்தது. அதே 2024இன் தேசியத் தரவரிசையில் மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்கள் என்ற புதிய பிரிவில் அண்ணா பல்கலைக்கழகம் முதலிடம். மூன்று செய்தியும் உண்மை, மூன்றும் ஒரே ஆண்டு. எதை அந்த ஆண்டின் சாதனைப் பக்கத்தில் போடுவது?

வேலைவாய்ப்பு எண்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐ.ஐ.டி.யில் டிசம்பர் 1ஆம் தேதி முதல் சுற்று தொடங்கும். மறுநாள் காலை பத்திரிகையில் கோடியில் ஒரு சம்பளம் வந்துவிடும். தரவரிசை கேட்பதோ நடுவெண் சம்பளத்தை, அதாவது வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவதை. அந்த எண் தலைப்புச் செய்தி ஆவதில்லை. ஒரு வீட்டுப் பிள்ளையின் கோடி, ஊர் முழுக்கப் பெற்றோரின் கனவுக்கு விலை வைத்துவிடுகிறது.

யார் உள்ளே வருகிறார்கள் என்பது இதைவிட முக்கியமான கணக்கு. பி.டெக். வகுப்புகளில் பெண்கள் பத்து விழுக்காட்டுக்கும் கீழே இருந்ததைக் கண்டு 2018 முதல் ஐ.ஐ.டி.கள் அவர்களுக்கெனக் கூடுதல் இடங்களை உருவாக்கின. பிற்படுத்தப்பட்டோருக்கான 27 விழுக்காடு 2008இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகே நடைமுறைக்கு வந்தது. ஆசிரியர் பணியிடங்களில் இடஒதுக்கீடு இன்னும் நிரம்பாத பாத்திரம். தமிழ்நாடு 2007 முதல் நுழைவுத் தேர்வைக் கைவிட்டு, பிளஸ் டூ மதிப்பெண்ணில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வை நடத்துகிறது. 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கி, அவர்கள் கட்டணத்தை அரசே ஏற்றது. உழவர் வீட்டுப் பெண் கிண்டியில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்க வருவதற்கான வழியை இந்தச் சட்டம் திறந்திருக்கிறது. தமிழ்வழிப் பொறியியல் மட்டும் தடுமாறுகிறது. 2010இல் சிவிலும் இயந்திரவியலும் தமிழில் தொடங்கின. 2023இல் சில உறுப்புக் கல்லூரிகளில் நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெற்றார்கள். தமிழில் நல்ல பாடநூலும், தமிழில் படித்தவனை வேலைக்கு எடுக்கும் நிறுவனமும் இல்லாமல் வகுப்பை மட்டும் நடத்தினால் தடுமாறத்தான் செய்யும்.

வந்தவர்கள் எப்படி வாழ்கிறார்கள்? ஐ.ஐ.டி. வளாகம் 600 ஏக்கருக்கும் மேல்; ஆலமரம், புள்ளிமான், வெளிமான். காவேரி, நர்மதா, அலக்நந்தா, சரயு என்று விடுதிகளுக்கு ஆறுகளின் பெயர். மதிய வகுப்பின் தூக்கம், 85 விழுக்காடு வருகை என்ற கெடுபிடி, இரண்டு க்விஸ், ஒரு எண்ட்-செம், ஜனவரியில் சாரங் கலைவிழா, இன்னொரு பக்கம் சாஸ்த்ரா தொழில்நுட்ப விழா. வெளியிலிருந்து பார்த்தால் பூங்கா. ஊரில் முதல் ரேங்க் வாங்கியே பழகிய ஆயிரம் பிள்ளைகளை ஓரிடத்தில் சேர்த்தால், முதல் செமஸ்டரிலேயே அவர்களில் பாதிப் பேர் பாதிக்குக் கீழே வந்துதான் தீர வேண்டும், அது கணிதம். 2023இன் தொடக்க மாதங்களில் அடுத்தடுத்து மாணவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டபோது, முன்னாள் காவல்துறை உயரதிகாரியும் எழுத்தாளருமான ஜி. திலகவதி தலைமையில் விசாரணைக் குழு அமைத்தார்கள். மாணவர்களை ஒவ்வொருவராகச் சந்தித்து மனநலம் கேட்கும் ஏற்பாடும் நடந்தது. 2024 டிசம்பரில் கிண்டி வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். குற்றவாளிக்கு அடுத்த ஆண்டே தண்டனை கிடைத்தது. பாதுகாப்பும் மனநலமும் ஆண்டறிக்கையில் வரும்போது ‘மேற்கொள்ளப்பட்ட நடவடிக்கைகள்’ என்ற தலைப்பில் வருகின்றன, என்ன நடந்தது என்ற தலைப்பில் அல்ல.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணா சிவுகுலா என்ற முன்னாள் மாணவர் ஐ.ஐ.டி.க்கு 228 கோடி ரூபாய் கொடுத்தார். அவர் அங்கே எம்.டெக். முடித்தது 1970இல். 1970இல் அவருக்குப் பாடம் எடுத்தவர்களின் சாதனை 2024–25 கணக்கில் வரவு வைக்கப்பட்டது. அப்படியானால் 2024–25இல் பாடம் எடுத்தவர்களின் கணக்கு எப்போது முடியும்?

ஆண்டறிக்கையே வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு பகுதிகளைச் சேர்க்கலாம் என்கிறேன். ஒன்று, பத்தாண்டுக்கு முன் அதே அறிக்கையில் பெருமையாகச் சொன்னவை இன்று என்ன ஆயின என்ற பட்டியல். கார்டெக்ட் போல எது தோற்று உரமானது, எது வெறும் அறிவிப்பாகவே நின்றது என்று அப்போது தெரியும். தையூரில் 422 மீட்டர் நீளத்துக்கு அமைத்திருக்கும் ஹைப்பர்லூப் சோதனைத் தடத்தை 2035 அறிக்கை மறந்துவிடக் கூடாது. ஐ.ஐ.டி. பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் குழு உருவாக்கி 2019இல் வெளியிட்ட, அமர்ந்திருப்பவரை நிற்கவைக்கும் ‘அரைஸ்’ சக்கர நாற்காலி எத்தனை வீடுகளை எட்டியது என்பதை 2029 அறிக்கை சொல்ல வேண்டும்.

இன்னொன்று, வகுப்பறைப் பக்கம். முதலாண்டுக் கணிதத்தில் எத்தனை பேர் தேறவில்லை, ஒரு வகுப்பில் எத்தனை பேர் அமர்ந்திருந்தார்கள், மாணவர்கள் பருவ இறுதியில் ஆசிரியர்களைப் பற்றி எழுதிக் கொடுத்த கருத்துகளின் சாரம் என்ன, எத்தனை பேர் பட்டம் பெறாமல் இடையில் போனார்கள், ஏன். இவற்றுக்குப் புதிய குழுவோ மென்பொருளோ தேவையில்லை. கல்விப் பிரிவு அலுவலகத்துக் கணினியில் ஒவ்வொரு செமஸ்டரும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. அறிக்கையை அவையில் வைக்கும் நாளில் எழுந்து அதைக் கேட்க ஓர் உறுப்பினர் போதும்.